முன்னால் நடப்பவர்: ஸாம்பெசி பள்ளத்தாக்கில் எட்டு நாள்

நாள் 1

ஜிம்பாப்வே தலைநகர் ஹராரேயிலிருந்து காலை ஆறரைக்குக் கிளம்பினோம். குருவே என்ற ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் மேட்டுநிலம் சட்டென்று முடிந்துபோகிறது. வண்டி மலைச்சரிவில் வளைந்து வளைந்து இறங்க, கீழே ஸாம்பெசி பள்ளத்தாக்கு கண்ணுக்கு எட்டியவரை பழுப்பாகக் கிடக்கிறது. ஆகஸ்ட் மாதம். மழை நின்று நாலு மாதம் ஆகிறது. மொப்பேன் மரங்களின் இலைகள் செம்பு நிறத்துக்கு மாறிக்கொண்டிருக்கின்றன. அங்கங்கே பாவோபாப் மரங்கள், யானைகள் தந்தத்தால் குத்திப் பட்டை உரித்த தழும்புகளோடு.

நான் வேட்டைக்காரன் இல்லை. துப்பாக்கியைக் கையில் வாங்கிப் பார்த்ததுகூடக் கிடையாது. கல்லூரிக் காலத்து நண்பன் ஒருவன், பதினைந்து வருடமாக வெளிநாட்டில் இருப்பவன், காட்டெருமை வேட்டைக்குப் பணம் கட்டிவிட்டு, “நீயும் வாடா, சும்மா பார்த்து எழுது” என்றான். பார்வையாளர் கட்டணத்தையும் அவனே கட்டினான். ஆகவே எழுதுகிறவன் நன்றிக்கடன் பட்டவன் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

இன்று சுற்றுலா விளம்பரங்களில் ‘பிக் ஃபைவ்’ என்று போடுகிறார்களே, யானை, காண்டாமிருகம், சிங்கம், சிறுத்தை, காட்டெருமை, அது முதலில் வேட்டைக்காரர்கள் போட்ட பட்டியல். உருவத்தை வைத்துப் போட்டதில்லை. தரையில் நடந்துபோய் வேட்டையாடினால் திருப்பி அடிக்கக்கூடியவை எவை என்று பார்த்துப் போட்டது. ஒட்டகச்சிவிங்கிக்கு அதில் இடம் இல்லாததற்கு அதுதான் காரணம்.

மணல் மட்டும் ஓடும் ஓர் ஆற்றங்கரையில் கேம்ப். வேட்டையை நடத்துபவர் உரிமம் பெற்ற தொழில்முறை வேட்டைக்காரர், ஆங்கிலத்தில் புரொஃபஷனல் ஹண்டர், எல்லோரும் சுருக்கி பி.எச். என்றுதான் சொல்கிறார்கள். ஐம்பதைத் தாண்டியவர். தடம் பார்ப்பவர்கள் இரண்டு பேர், ஓட்டுநர், மாவட்டக் கவுன்சில் அனுப்பிய கேம் ஸ்கவுட், அதாவது வனவிலங்குக் காவலர். தடம் பார்ப்பவர்களில் மூத்தவருக்கு அறுபது வயது இருக்கும். எப்படிக் கூப்பிடுவது என்று ஓட்டுநரிடம் கேட்டேன். “செகுரு” என்றார். ஷோனா மொழியில் தாத்தாவுக்கும் தாய்மாமனுக்கும் அதுதான் சொல். வயதில் பெரியவர்களையும் அப்படியே அழைப்பார்களாம். எனக்கும் அது வசதியாகப் போயிற்று.

நாள் 2

துப்பாக்கியைச் சரிபார்க்கும் நாள். அலுப்பாக இருக்கும் என்று நினைத்துப் போனேன். இல்லை.

ஜிம்பாப்வே விதிப்படி யானை, நீர்யானை, காட்டெருமைக்குக் குண்டின் குறுக்களவு குறைந்தது 9.2 மி.மீ., ஆற்றல் 5.3 கிலோஜூல் இருக்க வேண்டும். நண்பன் கொண்டுவந்தது பாயிண்ட் 375 எச் அண்ட் எச் மேக்னம். 1912-இல் வந்த தோட்டா. நூறு வருடம் கழித்தும் இந்த வேலைக்கு ‘இதற்குக் கீழே வேண்டாம்’ என்று காட்டும் கோடாக அதுதான் நிற்கிறது. குண்டு 300 கிரெய்ன், அதாவது 19 கிராமுக்குச் சற்று மேல். பி.எச். தோளில் தொங்குவது 470 இரட்டைக்குழல். அதன் குண்டு 32 கிராம். கையில் வைத்துப் பார்த்தேன், கட்டைவிரல் நுனி அளவு இருக்கிறது.

முதலில் போடும் தோட்டா உள்ளே போனதும் காளான் மாதிரி விரியும் ரகம். காயத்தைப் பெரிதாக்கி உடம்புக்குள்ளேயே நின்றுவிடும், பின்னால் நிற்கும் இன்னொரு மாட்டைத் துளைக்காது. அதற்கு அடியில் அடுக்கியிருப்பவை விரியாமல் நேராகப் போகும் ‘சாலிட்’. முதல் அடி வாங்கிய விலங்கு பெரும்பாலும் முதுகைக் காட்டித்தான் ஓடும். பின்பக்கம் நுழைந்து நெஞ்சுவரை போய்ச் சேர அதுதான் வேண்டும்.

பி.எச். குச்சியால் மணலில் ஒரு காட்டெருமை வரைந்தார். முன்னங்கால் நடுவில் மேல்நோக்கி ஒரு கோடு. உடம்பின் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு. கோடுகள் வெட்டும் இடத்தில் சின்னதாக ஒரு வட்டம் போட்டார். “இதயம் இங்கே. மான் சுட்டுப் பழகியவர்கள் தோளுக்குப் பின்னால் சுடுவார்கள். காட்டெருமையில் அது வயிற்றுக்குப் பக்கம்.”

செகுரு எட்டிப் பார்த்துவிட்டு அந்த வட்டத்தைக் காட்டி ஏதோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். ஓட்டுநர் விளக்கினார். செகுருவின் குலம் மோயோ. மோயோ என்றால் இதயம். அந்தக் குலத்தார் எந்த விலங்கின் இதயத்தையும் சாப்பிடக் கூடாது. “நான் சாப்பிடாத ஒரே துண்டை ஏன் இவ்வளவு கவனமாகச் சுடுகிறீர்கள் என்று கேட்கிறார்.”

அப்புறம்தான் நண்பனுக்குச் சோதனை வந்தது. மூன்று கால் குச்சிமேல் துப்பாக்கியை வைத்து ஐம்பது மீட்டரில் சுட்டான். இரண்டு குண்டும் நன்றாகவே விழுந்தன. பி.எச். துப்பாக்கியை வாங்கி, தானே தோட்டா போட்டுக் கொடுத்தார். நண்பன் விசையை இழுத்தான். ‘டிக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஏற்கெனவே வெடித்த வெற்றுத் தோட்டாவைப் போட்டுக் கொடுத்திருக்கிறார். வெடிக்கவில்லை, உதைக்கவில்லை, ஆனால் குழலின் முனை நாலு விரற்கடை கீழே குத்திவிட்டது. உதை வரப்போகிறது என்று உடம்பு முன்கூட்டியே பயந்துகொள்வது. வெடிச்சத்தத்தில் மறைந்துகிடந்த பயத்தை வெற்றுத் தோட்டா காட்டிக்கொடுத்துவிட்டது.

நண்பனின் காது சிவந்துவிட்டது. பி.எச். திட்டவில்லை. மதியம் முழுக்க வெற்றுத் துப்பாக்கியின் விசையை நாற்பது தடவை இழுக்கவைத்தார். செகுரு நிழலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். வேடிக்கை பார்க்கிறார் என்றுதான் அப்போது நினைத்தேன்.

நாள் 3

ஐந்து மணிக்குக் கிளம்பினோம், நல்ல குளிர். மண்பாதையைக் குறுக்கே கடந்த மூன்று தடங்களைப் பார்த்து ஓட்டுநர் வண்டியை நிறுத்தினார். கிழட்டுக் காளைகள். மந்தையை விட்டு ஒதுங்கி, சேற்றில் புரண்டுகொண்டு, இரண்டு மூன்றாகச் சேர்ந்து திரிபவை. இவர்கள் மொழியில் ‘டகா பாய்ஸ்’. டகா என்றால் சேறு.

வண்டி அங்கேயே நின்றது. இனி நடைதான், வண்டியிலிருந்து சுடுவது சட்டப்படி குற்றம்.

செகுரு தடம் பார்ப்பதை எழுதாமல் போக முடியாது. தடத்தைவிடத் தடத்தின் விளிம்பைத்தான் அவர் அதிகம் பார்க்கிறார். குளம்பு வெட்டிய மண்ணின் ஓரம் கூர்மையாக இருந்தால் புதிது. காற்றில் மணல் உதிர்ந்து மழுங்கியிருந்தால் பழையது. ஒரு சாணத்தைச் செருப்பு நுனியால் பிளந்தார். மேலே காய்ந்து ஏடு கட்டியிருந்தது, உள்ளே ஈரம். விரலை விட்டுப் பார்த்துவிட்டு, கிழக்கே சூரியன் ஒரு பனை உயரத்தில் இருக்கும் இடத்தைச் சுட்டிக்காட்டினார். சூரியன் அங்கே இருக்கும்போது இவை இங்கே நின்றன என்று அர்த்தம். மணிக்கூண்டைப் பார்த்துச் சொன்னதுபோலச் சொன்னார்.

சட்டைப்பையில் ஒரு பழைய சாக்ஸ். அதற்குள் சலித்த சாம்பல். சில அடிகளுக்கு ஒருமுறை அதை லேசாகத் தட்டுவார். சாம்பல் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் எங்கள் வாசனையும் போகிறது. காட்டெருமைக்குக் கண்ணும் காதும் சுமார் ரகம் இல்லை, நல்ல ரகம்தான். ஆனாலும் எல்லா வேட்டையையும் கெடுப்பது மூக்கு.

நாலு மணி நேரம் நடந்தோம். கண் ஓரத்து ஈரத்தைத் தேடி மொப்பேன் ஈக்கள் மொய்த்தன. ஈ என்று சொல்கிறார்களே தவிர, கொட்டாத சின்னஞ்சிறு தேனீக்கள். கையை ஆட்டி விரட்டக் கூடாது, அசைவு காட்டிக்கொடுத்துவிடும். கண்ணுக்குள் அது ஊர்வதை நின்றபடி பொறுத்துக்கொள்ள வேண்டும். கடைசியில் புதருக்குள் எண்பது மீட்டர் தூரத்தில் ஒரு கருப்புத் துண்டு. காதா, கொம்பா தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து என் பிடரியில் சில்லென்று காற்று பட்டது. அவ்வளவுதான். மரக்கிளைகள் முறியும் சத்தம், பிறகு புழுதி.

திரும்பி நடக்கும்போது ஒன்றைக் கவனித்தேன். வரிசையில் முதலில் போவது செகுரு. அவருக்குப் பின்னால் இரட்டைக்குழலோடு பி.எச்., பிறகு நண்பன், இளைய தடம் பார்ப்பவர், நான், கடைசியில் துப்பாக்கியோடு ஸ்கவுட். ஆக மூன்று துப்பாக்கி. எல்லோருக்கும் முன்னால் போகிறவர் கையில் ஒரு குச்சி. ஏன் என்று கேட்டேன். “அவர் கண் தரையில் இருக்கிறது. துப்பாக்கி கொடுத்தால் தரையைப் பார்ப்பாரா, முன்னால் பார்ப்பாரா?” என்றார் பி.எச். நியாயமான பதில்தான். ஆனால் மனசுக்குச் சரியாகப் படவில்லை.

இரவு நெருப்பருகே பேச்சு ‘நேர்மையான வேட்டை’ பற்றிப் போயிற்று. விலங்குக்குத் தப்பிக்க வழி இருக்க வேண்டும், வேலி கூடாது, வண்டியில் துரத்தக் கூடாது. தென்னாப்பிரிக்காவில் கூண்டில் வளர்த்த சிங்கத்தை வேலிக்குள் அவிழ்த்துவிட்டுச் சுடவைக்கும் வியாபாரத்தைப் பற்றிச் சொல்லும்போது பி.எச். நெருப்பில் துப்பினார். 2015-இல் ஹ்வாங்கே தேசியப் பூங்காவுக்கு வெளியே கொல்லப்பட்ட செசில் சிங்கம் பற்றியும் கேட்டேன். பதின்மூன்று வயதுக் கிழச்சிங்கம், கழுத்தில் ஆராய்ச்சிப் பட்டை கட்டியது. முதலில் அம்பு பட்டு, பல மணி நேரம் கழித்துத்தான் செத்தது. உலகம் கோபப்பட்டது அதன் பெயருக்காக. பி.எச்.சுக்குக் கோபம் அந்தப் பல மணி நேரத்துக்காக. இந்த இடத்தில் நான் அவர் பக்கம்.

நாள் 4

இருநூறு உருப்படி கொண்ட பெரிய மந்தை. மூன்று மணி நேரம் வயிற்றால் ஊர்ந்தோம். அகன்ற கொம்புக் காளை ஒன்றைப் பார்த்து நண்பனுக்கு மூச்சு வாங்கியது. பி.எச். தலையாட்டி மறுத்துவிட்டார். இரண்டு கொம்பும் நெற்றியில் சேரும் இடம் இளங்காளைக்கு முடி மூடி மிருதுவாக இருக்கும். வயதான பிறகுதான் கருங்கல்லாக இறுகும். இது இன்னும் இறுகவில்லை, இனம் பெருக்க வேண்டிய வயது. கொம்பின் அகலத்தை அளந்து பெருமைப்படும் பழக்கம்தான் இந்தத் தொழிலைக் கெடுத்தது என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

முழங்கையெல்லாம் முள். வேறொன்றும் இல்லை.

நாள் 5

காலை ஓய்வு. ஸ்கவுட்டின் கிராமத்துக்குப் போனோம். மக்காச்சோளம் அறுவடை முடிந்துவிட்டது, ஆற்றோரத்துக் காய்கறிப் பாத்திகளுக்கு மட்டும் காவல். மிளகாய்த்தூளை யானைச் சாணத்தில் பிசைந்து வறட்டி தட்டி வைத்திருக்கிறார்கள். ராத்திரி கொளுத்தினால் அந்தப் புகைக்கு யானை கிட்டே வராதாம். எனக்கே ஒரு நிமிடம் நிற்க முடியவில்லை.

பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர் என்னிடம் ஆங்கிலத்தில் பேசினார். வேட்டை சரியா தவறா என்று அவர் ஏதாவது சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர் கேட்டது வேறு: “உங்கள் நண்பர் சுட்டால் இறைச்சி எங்கள் பக்கம் வருமா, ஆற்றுக்கு அந்தப் பக்கமா?”

இங்கே ‘கேம்ப்ஃபயர்’ என்று ஒரு திட்டம் 1989-இல் தொடங்கியது. 1975-ஆம் ஆண்டுச் சட்டம் தனியார் பண்ணைக்காரர்களுக்கு மட்டும் தங்கள் நிலத்து விலங்கால் லாபம் பார்க்கும் உரிமையைக் கொடுத்தது. 1982-இல் அதைத் திருத்தி, மாவட்டக் கவுன்சில்கள் வழியாகப் பொதுநிலத்துக் கிராமங்களுக்கும் வழி திறந்தார்கள். யானை வயலை மிதிக்கிறது, சிங்கம் மாட்டைத் தின்கிறது. அவற்றால் கொஞ்சம் காசும் வந்தால் கண்ணியும் விஷமும் வைக்காமல் இருப்பார்கள் என்பது கணக்கு. காசில் பெரும்பகுதி வேட்டைக் கட்டணம். அது கிராமத்துக்கு வந்து சேருமுன் வழியில் கரைந்துவிடுகிறது என்பது ஆய்வாளர்கள் நெடுங்காலமாகச் சொல்லும் குறை. 2014-இல் ஜிம்பாப்வேயில் வேட்டையாடிய யானைத் தந்தத்தைக் கொண்டுவர அமெரிக்கா தடை போட்டபோது அடிபட்டதும் இந்த வருமானம்தான்.

இரண்டு பக்கத்திலும் சுலபமான பதில் கிடையாது. கென்யா 1977-இல் வேட்டையை மூடியது. அதற்குப் பின் 2016 வரைக்குமான கணக்கெடுப்பில் அங்கே வனவிலங்கு எண்ணிக்கை சராசரியாக 68 விழுக்காடு குறைந்திருந்தது. தடையால்தான் குறைந்தது என்று சொல்ல முடியாது. ஆடுமாடு பெருகியது, நிலம் சுருங்கியது, மழை பொய்த்தது. ஆனால் தடை மட்டும் காப்பாற்றிவிடவில்லை. இந்தியாவும் 1972-இல் மூடியது. அங்கே புலி மீண்டதற்குப் பின்னால் அரசு செலவழித்த பணமும் காவலும் இருக்கின்றன. போட்ஸ்வானா 2014-இல் மூடி 2019-இல் திறந்தது. அந்த நாட்டு அதிபராக இருந்த மசிசி 2024-இல், வேட்டையாடிய விலங்கின் கொம்பு, தோல், தலை போன்றவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்த நினைத்த ஜெர்மனிக்கு 20,000 யானைகளை அனுப்பிவைப்பதாகச் சொன்னார். கிண்டல்தான். ஆனால் இந்தக் கிராமத்தில் உட்கார்ந்து நினைத்துப் பார்த்தால் சிரிப்பு வரவில்லை.

ஆசிரியருக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பி.எச்.சிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

நாள் 6

இதை ராத்திரி பதினொன்றுக்கு எழுதுகிறேன். நண்பன் கூடாரத்துக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறான்.

இரண்டு கிழட்டுக் காளைகளின் தடத்தை ஏழு மணிக்குப் பிடித்தோம். மதியம் இரண்டு மணிக்கு அவை நிழலில் இருந்தன, ஐம்பத்தைந்து மீட்டர். ஒன்று படுத்திருந்தது, ஒன்று நின்றிருந்தது. குச்சியை ஊன்றி நண்பன் துப்பாக்கியை வைத்தான். நின்றது சரியாகத் திரும்பவில்லை. இருபது நிமிடம் அப்படியே நின்றோம். அவன் சட்டை முதுகில் ஒட்டி, தோள் நடுங்குவது எனக்கே தெரிந்தது. பிறகு அது அரைவாசி எங்கள் பக்கம் திரும்பியது. பி.எச். கிசுகிசுத்தார், அவன் சுட்டான்.

குண்டு பட்ட சத்தம் தனியாகக் கேட்டது, ஈரத்துணியைக் கல்லில் அறைந்தாற்போல. இதயத்தில் பட்டிருந்தால் முன்னால் பாயும் என்று சொல்லியிருந்தார்கள். இது முதுகைக் கூனியது. பி.எச்.சும் ஒரு குண்டு விட்டார், அதற்குள் மற்றது குறுக்கே வந்துவிட்டது. புழுதி. எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். சாகும் காட்டெருமை பெரும்பாலும் ஒரு நீண்ட முக்கல் விடுமாம். அது வரவில்லை.

நாற்பது நிமிடம் காத்திருந்தோம். உடனே பின்னால் போனால் சூட்டோடு ஓடிக்கொண்டே இருக்கும்; விட்டால் படுக்கும், ரத்தம் இழக்கும். அதன் பிறகு செகுரு போய்ப் புல்லைத் தொட்டுப் பார்த்தார். “ரோப்பா.” ரத்தம். நுரைத்து இளஞ்சிவப்பாக இருந்தால் நுரையீரல். விரலில் ஒட்டியது கரும்சிவப்பு, கல்லீரல். சாகும், ஆனால் அவசரப்பட்டுச் சாகாது.

ஐந்தரை மணிவரை தொடர்ந்தோம். வெளிச்சம் பழுப்பானதும் பி.எச். கையைத் தூக்கினார். சட்டம் சூரியன் விழுந்து அரை மணி வரை அனுமதிக்கிறது. ஆனால் இந்தப் புதருக்குள் இப்போது போவது ஆளை அனுப்பிப் பார்ப்பது மாதிரி என்றார். எந்த ஆளை என்று சொல்லவில்லை.

திரும்பி வரும் வழியில் நண்பன் ஒரே ஒரு வார்த்தை பேசினான். “இழுத்துட்டேன்டா.” மணலில் வரைந்த அந்த வட்டத்திலிருந்து ஒரு சாண் பின்னால்.

விதிப்படி ரத்தம் சிந்தினால் விலங்கு அவன் கணக்கு. கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் முழுக் கட்டணம். பணத்தைப் பற்றி அவன் கவலைப்படவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். கழுதைப்புலி கூவும் போதெல்லாம் தலையைத் திருப்பிப் பார்க்கிறான்.

முயலைக் கொன்ற அம்பைவிட யானையைத் தவறவிட்ட வேலைத் தாங்குவது இனிது என்று மனப்பாடம் செய்து வளர்ந்தவர்கள் நாங்கள். அந்த வேல் எங்கே போய்த் தைத்தது, அன்று ராத்திரி அந்த யானை எங்கே நின்றது என்று வகுப்பில் யாரும் கேட்டதில்லை.

நாள் 7

முதல் வெளிச்சத்தில் அதே இடம். பி.எச். நண்பனிடம், “நீங்கள் வர வேண்டிய கட்டாயம் இல்லை. இனி இது எங்கள் வேலை” என்றார். பல பி.எச்.கள் இந்தக் கட்டத்தில் வாடிக்கையாளரைக் கூட்டிப்போக மாட்டார்களாம். பின்னால் நிற்கும் நடுங்கும் துப்பாக்கி முன்னால் இருக்கும் எருமையைவிட மோசம். நண்பன் வருகிறேன் என்றான். அப்படியானால் என் வலப்பக்கம், என்னைத் தாண்டிச் சுடக் கூடாது, என்ன நடந்தாலும் ஓடக் கூடாது. ஓடுகிறவனைத்தான் துரத்தும் என்றார் பி.எச்.

செகுரு ரப்பர் டயரில் செய்த செருப்பைக் கழற்றி மண்ணைத் தட்டிவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார். குச்சியை எடுத்துக்கொண்டு முதல் ஆளாக நடந்தார்.

காயம்பட்ட காட்டெருமையைப் பற்றி முந்தின இரவு அவர்கள் சொன்னது இது: அது நேராகப் போய்க்கொண்டே இருக்காது. கொஞ்ச தூரம் போய், வளைந்து, தன் தடத்துக்கே பக்கத்தில் வந்து புதருக்குள் நிற்கும். தடத்தைப் பார்த்து வருகிறவன் குனிந்த தலையோடு அதைக் கடந்து போவான். மணிக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் ஓடக்கூடிய உடம்பு, 700 கிலோ. நாற்பது மீட்டரில் புறப்பட்டால் மூன்று விநாடி. இருபது மீட்டர் என்றால் நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள்.

என்னையும் ஓட்டுநரையும் ஒரு கரையான் புற்றின்மேல் ஏற்றிவிட்டுப் போனார்கள். ஆக நான் பார்க்கவில்லை. கேட்டேன். ஏழே முக்காலுக்கு ஒரு பறவை சரசரவென்று கத்தியது. உடனே இரண்டு வெடி, ஒன்றன்மேல் ஒன்று. ஒரு நொடி விட்டு மூன்றாவது. பிறகு அந்த முக்கல், தொழுவத்து மாடு கத்துவது மாதிரியேதான், ஆனால் நீளமாக. ஓட்டுநர் தொப்பியைக் கழற்றினார்.

பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டது: வளைந்து வந்து தடத்துக்கு இடப்பக்கம்தான் நின்றிருக்கிறது. உண்ணி கொத்தும் பறவை ஒன்று அதன் முதுகிலிருந்து கத்திக்கொண்டு எழும்ப, செகுரு தலையைத் தூக்காமலேயே பக்கவாட்டில் தரையோடு விழுந்திருக்கிறார். பி.எச்.சுக்குச் சுட வழி விட வேண்டும், அதுதான் அவர் பழகிய பழக்கம். வரும்போது காட்டெருமை தலையைக் குனிவதில்லை, மூக்கை நீட்டி நம்மைப் பார்த்துக்கொண்டே வரும். கடைசி நொடியில்தான் கொம்பைத் தாழ்த்தும். மூக்குக்குச் சற்று மேலே போன 470 குண்டு மூளையை எட்டியது. நண்பனின் குண்டும் கழுத்தில் இருந்தது. மூன்றாவது, விழுந்த பிறகு போட்டது.

நான் போனபோது செகுரு நீண்ட குச்சியோடு பின்பக்கமாகச் சுற்றிப் போய்க் கண்ணைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். இமை அசையவில்லை. டயர் செருப்புத் தடத்திலிருந்து எருமையின் மூக்குவரை எண்ணினேன், என் காலடிக்குப் பதினொன்று. நண்பன் எட்டு என்கிறான். பி.எச். எண்ண விரும்பவில்லை.

காதுகள் கந்தலாகக் கிழிந்திருந்தன. கொம்பின் நுனிகள் தேய்ந்து மொண்ணை. முன்பற்கள் ஈறுவரை. இன்னும் இரண்டு வறட்சி தாங்கியிருக்காது என்றார் பி.எச். அது ஆறுதலா, உண்மையா, இரண்டுமா தெரியவில்லை.

நண்பன் படம் வேண்டாம் என்றான். ஆனால் இளையவரும் ஸ்கவுட்டும் வேண்டும் என்றார்கள். செகுரு சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு தயாராகவே நின்றார். அவர்களுக்காக உட்கார்ந்தான். அந்தப் படத்தில் சிரிக்காத ஒரே முகம் அவனுடையது.

அங்கேயே அறுத்தார்கள். நேற்றைய குண்டு ஒரு நுரையீரலின் ஓரத்தை உரசிக் கல்லீரலில் நின்றிருந்தது. காளான்போல் விரிந்து, அழகாகவே இருந்தது. இளையவர் இதயத்தை இரண்டு கையாலும் வெளியே எடுத்தார். ஒரு கீறல்கூட இல்லை. செகுரு அந்த நேரத்தில் திரும்பி உட்கார்ந்து கத்தி தீட்டிக்கொண்டிருந்தார்.

நண்பன் அவரிடம் போய் நின்றான். என்ன சொல்வது என்று தெரியாமல் ஓட்டுநரைப் பார்த்தான். “மன்னிப்புக் கேட்கிறேன் என்று சொல்லுங்கள்.” செகுரு கத்தியை நிறுத்தாமல் பதில் சொன்னார். ஓட்டுநர் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: “நாற்பது போதாது, நூறு தடவை இழுக்கவைத்திருக்க வேண்டும் என்று அன்றைக்கே பி.எச்.சிடம் சொன்னாராம்.”

வேட்டை நேர்மை பற்றி நெருப்பருகே பேசிய எல்லாப் பேச்சும் சுடுகிறவனுக்கும் விலங்குக்கும் நடுவில் நடந்தது. விலங்குக்குத் தப்பிக்க வழி வேண்டும் என்று பேசினோம். அன்று நிழலில் உட்கார்ந்து அவர் எண்ணிக்கொண்டிருந்ததைப் பற்றி யாரும் பேசவில்லை. ஆபத்துக்காகத்தான் நண்பன் இவ்வளவு பணம் கட்டினான். அந்த ஆபத்து முதலில் போய்ச் சேர்வது அவர் நெற்றிக்கு. அவருக்கு அது மாதச் சம்பளம்.

இறைச்சி ஆசிரியர் இருக்கும் பக்கத்துக்கே போனது. மூன்று மணிக்கு மண்ணில் ரத்தக்கறை மட்டும் மிச்சம்.

நாள் 8

காலையில் படிவம் நிரப்பினார்கள். இனம், பால், எத்தனை குண்டு, காயம்பட்டதா. ஸ்கவுட் கையெழுத்துப் போட்டார். கொம்பையும் மண்டையோட்டையும் வேகவைத்துச் சுத்தம் செய்து, அனுமதிச் சீட்டு வாங்கி, கப்பலில் அனுப்ப மாதங்கள் ஆகும். அனுப்பச் சொல்லட்டுமா என்று கேட்டதற்கு நண்பன், பிறகு சொல்கிறேன் என்றான். ஜேபியில் அந்த விரிந்த குண்டு இருக்கிறது, அடிக்கடி கை அங்கே போகிறது.

அன்பளிப்புப் பணத்தை யாருக்கு எவ்வளவு என்று பி.எச். முன்பே ஒரு கணக்கு சொல்லியிருந்தார். நண்பன் செகுருவின் உறையில் அதைப்போல மூன்று மடங்கு வைத்தான். அவர் எண்ணிப் பார்த்தார், இரண்டு கையையும் சேர்த்து மெதுவாகத் தட்டினார். இங்கே நன்றி சொல்வது அப்படித்தான்.

வண்டியில் ஏறும்போது அவர் சமையலறைப் பக்கம் குந்தி உட்கார்ந்து, அடுப்புச் சாம்பலைச் சலித்து சாக்ஸில் நிரப்பிக்கொண்டிருந்தார். அடுத்த ஆள் மதியம் வருகிறாராம். யானைக்கு.